அனுமதி இல்லாத கதியால்கள்

எங்கள் வேலியை ஒருமுறை கடல் கொண்டுபோனது. திரும்பக் கட்டிய வேலியை, ஷெல்லுக்குப் பயந்து நாங்கள் ஊரைவிட்டு ஓடிய வருடம், யாரோ விறகாக எரித்துவிட்டார்கள். இரண்டையும் பொறுத்துக்கொண்டேன். கடலோடும் சண்டையோடும் யார் வாதாடுவது? ஆனால் சண்டையெல்லாம் முடிந்த பிறகு, ஒரு மேசைக்குப் பின்னால் இருந்த மனுசன் வேலி போட விடாமல் என்னை மறித்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கோபம் வந்தால் இந்த அன்னப்பூரணியின் வாய் நிற்காது என்பது எங்கள் ஊர் கண்டல்முனை முழுக்கத் தெரியும்.

வாவியோரத்தில் அரை ஏக்கர் காணி. அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. நான் மகள் தக்ஷாயினிக்குத் தர வேண்டியது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். சித்தாண்டி மாப்பிள்ளை தையில் வருவதாகப் பேச்சு. காணி உறுதிப் பத்திரமோ சுனாமியோடு போய்விட்டது. பக்கத்தில் ஹோட்டல் கட்டப்போவதாகப் பலகை நட்டிருந்தார்கள். மார்கழி முடிவதற்குள் எல்லை காட்டாத காணியெல்லாம் 'உரிமை கோரப்படாதவை' பட்டியலில் ஏறும் என்று ஒலிபெருக்கியில் வேறு சொல்லிப் போனார்கள்.

எல்லை என்றால் வேலிதானே? அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். வேலிக்கு அனுமதி கொடுக்கிறவர் வினாயகமூர்த்தி. டவுனிலிருந்து வருகிறவர், சப்பாத்தில் மண் ஒட்டாத மனுசன்.

“காணிக் கடிதம் இருக்கா அம்மா?”

“அத எடுக்கத்தான் ஐயா வேலி போடப் போறன். எல்லை இருந்தாத்தானே கடிதம் தருவாங்க?”

“கடிதம் இருந்தாத்தான் வேலிக்கு அனுமதி.”

“வேலி இருந்தாத்தான் கடிதமாம்.”

“அது அடுத்த மேசை,” என்றார்.

அடுத்த மேசையில் ஆளில்லாக் கதிரைதான் இருந்தது.

சரி, என்ன வேலிக்குத்தான் விடுவீர்கள் என்று கேட்டேன். கொங்கிறீட் தூண் போட்டால் அது கட்டடம். வாவிக்குக் கிட்டக் கட்டடம் கூடாது. முட்கம்பி என்றால் ஆமிக் காம்பிலிருந்து கடிதம் வேண்டும். தென்னோலைக் கிடுகு கட்டினால் உல்லாசப் பயணிகளின் கண்ணுக்கு அழகில்லை. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

“அப்ப நானும் மகளும் கையக் கோத்துக்கொண்டு சுத்தி நிக்கவா ஐயா?”

அந்த மனுசன் உண்மையாகவே சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். “அதப்பத்தி ஒண்டும் போடல்ல,” என்றார்.

அவர் புரட்டுகிற நேரம், அவர் தலைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த பச்சை அறிவித்தலை நான் வாசித்தேன். 'கரையோரப் பசுமை வலயம். வேர்விட்ட மரம் எதையும் அனுமதியின்றி அகற்றுவது குற்றம்.' கீழே அவருடைய கையெழுத்தேதான்.

அன்றைக்கே ஓட்டமாவடிச் சாலிஹிடம் சொல்லி, அவருடைய லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் இருநூற்றுப் பத்து வேலிக் கதியால் கொண்டுவந்து இறக்கினேன். எல்லாம் பச்சையாய் வெட்டிய பூவரசங் கம்புகள்.

“அனுமதி எடுத்திட்டீங்களா அக்கா?”

“நீங்க இறக்குங்க. ஏச்சு வாங்கப்போறது நான்தானே.”

மகளும் நானும் இரண்டு நாளில் நட்டு முடித்தோம். மூன்றாம் நாள் கடிதம் வந்தது: அனுமதியற்ற வேலி, பதினான்கு நாளில் அகற்றவும். என்ன வேகம் பாருங்கள்! நான் மேன்முறையீடு எழுதிக் கொடுத்தேன். அது மேலே போய் அங்கேயே குந்திக்கொண்டது. ஐப்பசி மழை தொடங்கியது.

வாய்தான் எனக்குப் பெரிது. உள்ளுக்குள் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். கடல் வந்த அன்று ஒரு கையில் தக்ஷாயினியையும் மறு கையில் இந்தக் காணித் தென்னையையும் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். இதை எப்படி விடுவேன்?

கார்த்திகையில் வினாயகமூர்த்தி குடையோடு வந்தார். பின்னால் மண் கிண்டும் அலவாங்கோடு இரண்டு வேலையாட்கள். வாசல் படலையடியில் நின்றவர் அப்படியே திகைத்துப்போனார். நான்கு பக்கமும் ஒரே பச்சை.

“என்ன இது?”

“பூவரசு ஐயா. மழை பெய்தாத் தழைக்கும். டவுன்ல தழைக்காதா?”

“வேலியப் புடுங்குங்க,” என்றார் வேலையாளிடம். அந்த ஆள் ஒன்றை உருவினார். அடியில் வெள்ளை வேர் தொங்கியது.

“ஐயோ, மரத்தப் புடுங்கிட்டீங்களே ஐயா! வேர் விட்ட மரம். அனுமதி எங்க?”

“அனுமதி குடுக்கிறதே நான்தான்.”

“அப்ப விண்ணப்பியுங்க. மறுகா, காணிக்காரிட சம்மதமும் வேணுமே. அது நான்தான்.”

“நீங்கதான் காணிக்காரி எண்டதுக்குக் கடிதம்?”

“அது அடுத்த மேசை ஐயா.”

வேலையாட்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! பிடுங்கிய கம்பை ஒருவர் அவசரமாகத் திரும்ப நட்டு, காலால் மண்ணை மிதித்துவிட்டார். வினாயகமூர்த்தி முத்திரை குத்திய கந்தோர்ப் படிவத்தை வெளியே எடுத்தார். வந்ததற்கு அறிக்கை எழுதத்தானே வேண்டும்? குடைக்குள்ளேயே நின்று எழுதி, பிரதியை என்னிடம் நீட்டினார்.

'வேலி: இல்லை. காணியின் நான்கு எல்லையிலும் பூவரச மரங்கள், இருநூற்றுப் பத்து. நட்டுப் பராமரிப்பவர்: அன்னப்பூரணி.' கீழே கந்தோர் முத்திரை.

உறுதி போனதற்குப் பிறகு, என் பெயரும் இந்தக் காணியும் ஒரே தாளில் இருந்தது அன்றைக்குத்தான். நல்லாய் ஏச வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. தக்ஷாயினி ஓடிவந்து தாளை வாங்கித் தன் சட்டைக்குள் நனையாமல் வைத்துக்கொண்டாள்.

அந்தத் தாளோடு அடுத்த மேசைக்குப் போனேன். கதிரையில் ஆள் வரும்வரை நான்கு நாள் அதே இடத்தில் குந்தியிருந்து காணிக் கடிதத்தை வாங்கினேன். மார்கழிப் பட்டியலில் எங்கள் காணி ஏறவில்லை.

தையில் மாப்பிள்ளை வந்தார். மறுநாள் காலை, தோய்த்த சாரத்தைப் பூவரசுக் கிளையில் விரித்துக் காயப்போட்டார். அனுமதி எடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.