கதவு வரைக்கும் வந்தவர்

அண்ணி தீக்காய வார்டில் உதவியாளர். இருபது வருஷம் வெந்த உடம்புகளைத் துடைத்துவிட்ட கை அவருடையது. வார்டில் பார்த்ததை வீட்டில் பேசமாட்டார். ஒருநாள் பேசாமல் ஒரு புகை அலாரத்தை வாங்கிவந்து ஸ்டூல் போட்டு ஏறி, தானே மாட்டிவிட்டார். அதுதான் வினை. அடுப்படி நிலைக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்.

கீழே அண்ணனும் அண்ணியும், மேலே நானும் என் மனைவியும் மகளும். கீழே எதை வறுத்தாலும் அலாரம் ஊரைக் கூட்டும். அண்ணி துண்டை விசிறிக்கொண்டே, “வாயை மூடுடா கண்ணா, ஒண்ணுமில்லடா” என்று அதைக் கொஞ்சுவது மேலே கேட்கும். என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

“அதை நாலடி தள்ளி மாட்டினா சரியாயிடும்ல? நீங்க எலக்ட்ரீஷியன்தானே, போய் மாத்திக் குடுங்களேன்” என்றாள் மனைவி.

“அந்த வீட்டு வாசல்படிய நான் மிதிக்கமாட்டேன்.”

மாடிப்படிக்குக் கீழே யார் சாமானை வைப்பது என்று தொடங்கிய சண்டை. வார்த்தை தடித்து, ‘நீ யாரோ நான் யாரோ’ என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். ஒன்றரை வருஷமாகப் பேச்சில்லை. அண்ணி மட்டும் படியில் பார்த்தால், “சாப்பிட்டியா தம்பி?” என்பார். நான் ‘ம்’ என்று தலையைக் குனிந்துகொண்டு ஏறிவிடுவேன். எனக்குப் பதினோரு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவர். அம்மா இல்லாத எனக்குத் தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பியவர்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மனைவி வேலைக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்தார்கள். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவந்து தூங்கிக்கொண்டிருந்தேன். மத்தியானம் இரண்டு மணிவாக்கில் கீழே அலாரம் அலறியது. ‘ஆரம்பிச்சாச்சு’ என்று தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டேன். வழக்கமாகத் துண்டு விசிறியதும் நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. என் தூக்கத்தைக் கெடுக்கவே அண்ணன் அதை அலறவிட்டிருக்கிறார் என்றுகூட நினைத்தேன். புரண்டு படுத்தேன். ஜன்னல் வழியாகப் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்த பிறகுதான் பதறி எழுந்தேன்.

கீழ்வீட்டு ஜன்னல் இடுக்கெல்லாம் கறுப்பாகப் புகை. கதவு உள்ளே பூட்டியிருந்தது. “அண்ணி! அண்ணி!” என்று கத்திக்கொண்டே உதைத்தேன். பூட்டு தெறித்தும் கதவு ஒரு சாண்தான் திறந்தது. ஏதோ சாமான் தடுக்கிறது என்று தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.

சாமான் இல்லை. அண்ணி.

கூடத்தில் சோபாவை ஒட்டிச் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் பேட்டரி வெடித்திருந்தது. அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். அண்ணியும் இரவு டியூட்டி பார்த்துவிட்டு வந்து பின்னறையில் தூங்கியிருக்கிறார். அலாரம் எழுப்பியிருக்கிறது. புகைக்குள் தடவித் தடவிக் கதவு வரைக்கும் வந்து, சாவியைத் திருப்ப முடியாமல் விழுந்திருக்கிறார்.

அவருடைய வார்டிலேயே படுக்க வைத்தார்கள். உடம்பில் காயம் கொஞ்சம்தான். நெஞ்செல்லாம் புகை. கூட வேலை பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே மருந்து மாற்றினார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார்.

வராந்தாவில் தலைமை நர்ஸ் அண்ணனிடம், “அலாரம் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு. அஞ்சு நிமிஷம் முன்னாடி யாராவது கதவைத் திறந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். அக்கம்பக்கத்துல ஒருத்தருக்குமா கேக்கல?” என்றார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

அவர் போனதும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

“எனக்குக் கேட்டுச்சுண்ணா.”

அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

“முதல்லயே கேட்டுச்சு. எப்பவும்போல வறுக்கிறாங்கன்னு படுத்துட்டேன்.”

“எவ்வளவு நேரம்?”

“பத்து நிமிஷம் இருக்கும்.”

அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சார்ஜ் போட்டுட்டுப் போனது நான்தானே” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கீழ்வீட்டுக்கு வெள்ளையடிக்கும்வரை மேலேதான் இருந்தார். என் மனைவி போட்டதைச் சாப்பிட்டார். மகளோடு பேசினார். என்னோடு மட்டும் பேசவில்லை. வேலைக்கு லீவு போட்டு மேலும் கீழும் எல்லா அறையிலும் புது அலாரம் மாட்டினேன். ஒன்று அலறினால் எல்லாம் சேர்ந்து அலறும் வகை. அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். கடைசியாகக் கீழே அடுப்படி நிலையிலிருந்து நாலடி தள்ளித் துளை போட்டேன். எத்தனையோ இடத்தில் போட்ட துளைதான். கீழே போய் இந்த ஒரு துளையைப் போட எனக்கு மனசு வரவில்லையே என்று, ஏணி மேலேயே நின்று அழுதேன்.

“இறங்குடா, விழுந்துடப்போற” என்றார் அண்ணன்.

இப்போதெல்லாம் அவசியத்துக்குப் பேசுகிறோம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேலே வருவார். சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்குவார். கீழே விளக்கு எரிகிறவரை நான் வாசலில் நிற்பேன்.