நீலப் பீங்கான் ஓட்டு வழி

1983 ஆடிக் கலவரத்தில், தமிழர் வீடுகளைத் தேடித் தெருவுக்குள் கூட்டம் நுழைந்த காலையில், இரஞ்சிதம் டீச்சர் கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டிய வீட்டுக் குளியலறைச் சுவரில் ஏறி, பல மைல் தள்ளிக் கடுகண்ணாவையில் இறங்கினார். ஏறியது ஒரு பீங்கான் ஓட்டுக்குள். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் தோட்டத்துரை ஒருவர் இங்கிலாந்திலிருந்து தருவித்துப் பதித்த ஓடுகள் அவை. எல்லாவற்றிலும் ஒரே நீலப் படம், ஓர் ஓடை, ஒரு வேலி, கொஞ்சம் ஆடுகள். ஒரே செப்புத் தகட்டிலிருந்து தாளில் எடுத்து ஒட்டிய அச்சு என்பதால், ஓடு எத்தனை இருந்தாலும் உள்ளேயுள்ள இடம் ஒன்றுதான். கடுகண்ணாவையில் பழைய சாமான் விற்கும் ஸெய்னுலாப்தீனிடமும் அப்படி ஓர் ஓடு இருந்தது. ஆறங்குல ஓட்டுக்குள் ஆள் எப்படி நுழையும் என்று கேட்பவர்கள் கண்டி பஸ்ஸில் ஏறியிராதவர்கள்.

பின்தங்கியது டீச்சரின் கணவர், இளைப்பாறிய நீர்ப்பாசன எஞ்சினியர் அம்பிகைபாகன். “வெள்ளைக்காரன்ர இடத்துக்குச் சாரத்தோட வரேலாது. நீர் போம், நான் காற்சட்டை போட்டிட்டு வாறன்.”

“இஞ்ச ஆடுதானப்பா நிக்குது!” என்று டீச்சர் ஓட்டுக்குள்ளிருந்து கத்தியது வீணாயிற்று. அவர் பெல்ட் தேடும்போதே வாசற்கதவு உடைந்தது. அலுமாரிக்குள் ஒளிந்தார். வந்தவர்கள் தண்ணீர்க் குழாய்வரை கழற்றிக்கொண்டு, ஓடுகளை இரும்பு அலவாங்கால் நொறுக்கிவிட்டுப் போனார்கள். மிஞ்சியது அரை ஓடு. அதில் வானம் மட்டுமே இருந்தது. வேறு வழியில்லாமல் அதற்குள் குதித்தார்.

கடையில் ஸெய்னுலாப்தீனின் மனைவி றம்லத் பிளேன்டீயை மூன்றுதரம் சூடாக்கினார். “பயப்படாதீங்க டீச்சர், சேர் வந்துருவாரு.” டீச்சர் ஓட்டைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. பின்னேரம் பள்ளிவாசலில் அஸர் பாங்கு முடிந்த பிறகு, தலையெல்லாம் ஆட்டுமயிரோடு அம்பிகைபாகன் வெளியே வந்தார்.

“ஆட்டுக்கு மேல விழுந்து, வழிமாறி லண்டனில இறங்கிட்டன். அங்கயும் ஒரு கடைச் சுவரில இந்தப் படம்தான்.”

“லண்டனோ! பிறகேன் திரும்பி வந்தனீங்கள்?”

“இறைச்சிக்கடையப்பா. நாங்கள் சைவமெல்லே.”

“ஹலால் கடையா சேர்?” என்று ஸெய்னுலாப்தீன் அக்கறையாக விசாரித்தார். டீச்சர் கணவரின் முதுகில் ஓர் அடி போட்டு, அப்புறம்தான் ஓவென்று அழுதார்.

யுத்தம் நீண்ட வருடங்களில் ஸெய்னுலாப்தீன் அந்த ஓட்டை விற்கவில்லை. பின்சுவரில் பதித்து, கீழே முக்காலி ஒன்று வைத்தார். கண்டிக்கு அப்பால் தெல்தெனியவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, அதில் ஏறி இலண்டனுக்குத் தப்பிப் போனார்கள். இலண்டன் இறைச்சிக்கடைக்காரர் முதல் வருடம் பொலிஸுக்குச் சொன்னார். அடுத்த வருடம் ஓட்டுக்குக் கீழே ஒரு கால்மிதி போட்டார். ஆட்டுப் புழுக்கையை மிதித்துக்கொண்டு வருகிறார்கள் என்பதைத் தவிர அவருக்கு வேறு முறைப்பாடு இல்லை.