முப்பத்தேழாவது படம்

முப்பத்தாறு படம் எடுக்கிற பிலிம் ரோலில் முப்பத்தேழாவதாக ஒன்று விழுந்தால் அது ஓசி. இட்லிக் கடைக்காரம்மா எண்ணிக்கை தப்பி ஒன்று கூட வைத்துவிட்டால் எப்படி வாயை மூடிக்கொண்டு தின்போமோ, அதே மாதிரி வாயை மூடிக்கொண்டு எடுத்துவிட வேண்டிய படம். செங்கொடி அப்படிச் செய்யக்கூடிய ஆளா? ஓசியில் வந்த அந்த ஒரு படத்தில் கொண்டுபோய்த் தன் கல்யாணத்தையே வைத்தாள்.

வியாசர்பாடிக்காரி. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வாசல் கேட்டுப் பக்கம் உட்கார்ந்து, உள்ளே வருகிற பெட்டி, வெளியே போகிற பெட்டி எல்லாவற்றின் நம்பரையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது வேலை. வாரத்தில் ஆறு நாள் நம்பர், ஏழாவது நாள் பிலிம் கேமரா. "போன்லயே படம் எடுக்குறாங்களே, இன்னாத்துக்குமா இந்தக் கருமம்?" என்று அவள் அப்பா கோதண்டம் கேட்காத நாளில்லை. "போன்ல எடுத்தா ஒடனே தெரிஞ்சிடுதே நைனா, அதுல இன்னா கிக்கு கீது?" என்பாள். என்ன விழுந்திருக்கிறதென்று தெரியாமல் தவிக்கிறதில்தான் அவளுக்கு ருசி. நல்ல ருசிதான், போங்கள்.

பகலவன் அதே யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். நாலு மாடி உசரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து உட்கார்ந்து பேச்சே மறந்துபோன ஜென்மம். இரண்டு வருஷமாக அவளோடு டீ குடிக்கிறான். ஞாயிற்றுக்கிழமையானால் அவள் கேமரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காசிமேடு, எண்ணூர் என்று பின்னாலேயே சுற்றுகிறான். ஆனால் மனசில் இருப்பதை மட்டும் ஒரு வார்த்தை சொல்லமாட்டான். செங்கொடிக்கோ பொறுமை என்கிற சாமானையே கடவுள் வைத்து அனுப்பவில்லை. போன ஞாயிறு காசிமேட்டில் கடலோரக் கல்லில் உட்கார்ந்து இரண்டு பேரும் வறுத்த நெத்திலி தின்றுகொண்டிருக்கும்போது கேட்டேவிட்டாள்.

"யோவ், என்னக் கட்டிக்கிறியா இல்லியா?"

பகலவனுக்கு நெத்திலி தொண்டையில் மாட்டிக்கொண்டது. இருமினான், தண்ணி குடித்தான், கடலைப் பார்த்தான், கடைசியில் அவள் மடியில் இருந்த கேமராவைப் பார்த்தான்.

"ரோல்ல படம் பாக்கி கீதா?"

"முப்பத்தாறும் முடிஞ்சிபோச்சி. நா இன்னா கேட்டுகினு கீறேன், நீ இன்னா கேக்குற?"

அவன் கேமராவை வாங்கி லீவரைத் தள்ளினான். கடக்கென்று நகர்ந்தது. ஓசிப் படம்!

"நீ அந்தாண்ட திரும்பிக்க," என்றான். "எட்டிப் பாத்த, பதிலே கெடையாது."

மீன் வறுக்கிற அக்காவிடம் ஒரு கரித்துண்டும், ஐஸ் பெட்டியின் தெர்மாகோல் மூடி ஒன்றும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். செங்கொடி கடலைப் பார்த்து நின்றாள். முதுகுக்குப் பின்னால் கரி தேய்கிற சத்தம் கேட்டது. கேமராவைப் படகு விளிம்பில் வைத்து டைமரை முடுக்குகிற சத்தம் கேட்டது. அவன் விழுந்தடித்து ஓடுகிற சத்தம், அப்புறம் கிளிக். எழுதினதைத் தன் சட்டையாலேயே துடைத்துவிட்டு, மூஞ்சியெல்லாம் கரியோடு வந்து கேமராவை அவள் கையில் வைத்தான்.

"பதில் இதுல கீது. கழுவிப் பாத்துக்க."

"வாயால சொன்னா வாய் தேஞ்சிடுமா?"

அதற்கும் சிரிப்புதான் பதில்.

கழுவலாம் என்றால் பிலிம் கழுவுகிற மருந்து தீர்ந்திருந்தது. ஆர்டர் போட்டால் சனிக்கிழமைதான் வருமாம். "வர்ற ஞாயித்துக்கெழம காலைல கழுவிடுவேன், அதுவரைக்கும் என் கண்ணுல படாத," என்று அவனிடம் சொல்லிவிட்டாள். அந்த ஆறு நாள் அவள் அடித்த கூத்து இருக்கிறதே! வெங்காயம் வந்த பெட்டியை டயர் வரிசைக்கு அனுப்பினாள். டிரைவர் இறங்கிவந்து கத்தினால் அவனைப் பார்த்துச் சிரித்தாள். சோத்து டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தாள். தலைக்கு மேலே கிரேன் நகர்ந்தால் மேஜைக்கடியில் குனிந்துகொண்டு சிரித்தாள். வீட்டில் அவள் அம்மா, "இன்னாடி, காத்து கருப்பு எதுனா அடிச்சிடுச்சா?" என்று மிளகாய் சுற்றிப்போட வந்துவிட்டாள்.

"காத்துமில்ல கருப்புமில்ல, போம்மா," என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ராயபுரத்தில் உமைமா வீட்டுக் கதவைத் தட்டினாள். உமைமா காலேஜ் தோஸ்து. கீழே ஜெராக்ஸ் கடை, மேலே வீடு. பழைய கல்யாண நெகட்டிவ்களை ஸ்கேன் பண்ணித் தர அந்தக் கடையில் ஒரு மிஷின் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் இரண்டு பேருக்கும் இந்தப் பைத்தியமே பிடித்தது. உமைமா வீட்டு பாத்ரூம்தான் இவர்களுக்கு லேபு.

"ஐஸு எங்கடீ?" என்றாள் உமைமா.

மருந்து இருபது டிகிரியில் சில்லென்று இருக்கணுமாம், டப்பாவில் போட்டிருக்கிறது. மே மாசம் ராயபுரத்துக் குழாயில் வருகிற தண்ணியில் டீத்தூளைப் போட்டால் டீ ஆகிவிடும். அதனால் மீனுக்குப் போடுகிற நொறுக்கு ஐஸைக் காசிமேட்டிலிருந்து பக்கெட்டில் வாங்கிவந்து, மருந்து பாட்டிலை அதில் முக்கிவைப்பது இவர்கள் வழக்கம். இவர்கள் கழுவுகிற படத்தில் எல்லாம் லேசாக வஞ்சிர வாடை அடிக்கும். ஆட்சேபணை இருக்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கலாம்.

அடுத்ததுதான் ஆபத்தான வேலை. வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் இரண்டு கையையும் விட்டு, ரோலைத் திறந்து, பிலிமை உருவி, கழுவுகிற டப்பாவுக்குள் போட்டு மூடணும். பிலிமின் வால் ரோலுக்குள்ளே ஒரு தண்டில் டேப்பால் ஒட்டியிருக்கும். உமைமா அந்த டேப்பை நகத்தால் சுரண்டிச் சுரண்டி, குழந்தைக்குப் பேன் பார்க்கிற மாதிரி பொறுமையாகப் பிரிப்பாள்.

"குடுடீ, நா பிரிக்கிறேன்."

"என் பதிலு. நாந்தான் பிரிப்பேன்," என்று பைக்குள் கையை விட்டாள் செங்கொடி. சுரண்டினாள். டேப் வரவில்லை. மறுபடி சுரண்டினாள். ஊஹூம். பைக்குள்ளேயே கத்தரிக்கோல் கிடந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? சரக்கென்று ஒரே வெட்டு.

மருந்தை ஊற்றி, ஆட்டி, அலசி, துணிக்கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார்கள். செங்கொடி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். திரையில்தான் பார்ப்பேன் என்று ஒரே பிடிவாதம். காய்ந்ததும் உமைமா ஆறாறாக வெட்டினாள். கடைசித் துண்டு வந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"டீ, கடைசிப் படம் பாதிதான் கீது."

"இன்னாது?"

"தண்டை ஒட்டிப் படம் விழுந்துகீது. நீ அது நடுவுலயே வெட்டிட்ட. மீதி பாதி தண்டோட போச்சி."

பைக்குள்ளிருந்து தண்டை எடுத்துப் பார்த்தார்கள். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு பிலிம் டேப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவாத பிலிம், வெளிச்சம் பட்டாயிற்று. இனி ஆண்டவனே வந்தாலும் அதில் ஒன்றும் தெரியாது.

"எழுத்து கீதா?" செங்கொடி மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எழுத்து கீ..."

"படிக்காத! மிஷின்ல போடு!"

கீழே கடைக்கு ஓடினார்கள். மிஷின் பழசு. படத்தை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரையில் விடும். முதலில் படகு தெரிந்தது. வெள்ளை மூடியின் ஓரம் தெரிந்தது. அதில் கரியால் கொட்டை எழுத்தில் 'மா'.

"மா!" உமைமா குதித்தாள். "மாப்ள ரெடின்னு எழுதிகீறான்டீ!"

"மாலையோட வர்றேன்னு எழுதிகீறான்!" செங்கொடி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சுற்றியதில் ஜெராக்ஸ் பேப்பர் கட்டு ஒன்று சரிந்து கடை முழுக்கப் பரவியது. யார் பார்த்தார்கள் அதை!

'மாட்'.

"மாட்டு வண்டில ஊர்கோலமா?" என்றாள் உமைமா. குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

'மாட்டே'.

இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். மிஷின் மட்டும் முனகிக்கொண்டே 'ன்' என்று ஒரு புள்ளியையும் வைத்து முடித்தது. அதற்கு மேலே பகலவனின் பாதி மூஞ்சி. ஒரு கண்ணு, அரை மீசை, அரை வரிசைப் பல்லு. அதோடு பிலிம் தீர்ந்தது.

மாட்டேன்.

"பல்லக் காட்டிகினு சொல்றான் பாரு," என்றாள் செங்கொடி.

"மீதி பாதில வேற எதுனா எழுதிருப்பான்டீ."

"மாட்டேன்னு சொன்னதுக்கு அப்பால இன்னாடி எழுதுவான்? மன்னிச்சிக்கன்னு எழுதிருப்பான். அத வெச்சிகினு நா இன்னா பண்றது?"

அழுதாள். அடக்க ஒடுக்கமாக இல்லை, குழாயடியில் குடம் உடைந்தவள் மாதிரி சத்தம் போட்டு அழுதாள். ஆறு நாள் சிரித்த சிரிப்பெல்லாம் நினைவுக்கு வந்து வந்து மானம் போனது. வேண்டாம் என்று காசிமேட்டுக் கல்லு மேலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே, படம் பிடித்துச் சொல்லணுமா? "போன் போட்டு ஒரு வார்த்த கேளு," என்று உமைமா சொல்லச் சொல்ல, "கேட்டு வேற அசிங்கப்படணுமா?" என்று இன்னும் பலமாக அழுதாள்.

அப்போது அவள் போன் அடித்தது. அம்மா.

"எங்கடி கீற? யாரோ கெங்கம்மாவாம், பகலவனோட அம்மாவாம். பத்துப் பொம்பளைங்களோட தட்டத் தூக்கிகினு வந்து வூட்டுல உக்காந்துகீறாங்க. ஒனக்குப் பூ வெக்க வந்தாங்களாம், ஒனக்குத் தெரியும்னு வேற சொல்றாங்க. உங்கப்பா லுங்கியோட நின்னுகினு கீறாருடி! சீக்கிரம் வா!"

செங்கொடிக்கு அழுகை நின்று எரிச்சல் ஏறியது. பாவி, பெத்த தாயிடம்கூட வாயைத் திறக்கவில்லையா? மாட்டேன் என்று இங்கே எழுதிவைத்துவிட்டு, அந்தம்மாவைப் பூவோடு அனுப்பி ஊர் சிரிக்க வைக்கிறானே! அந்தம்மாவுக்காகவாவது போய் உண்மையைச் சொல்லிவிடணும் என்று நெகட்டிவைப் பிடுங்கிக்கொண்டு உமைமாவின் ஸ்கூட்டரில் ஏறினாள்.

வியாசர்பாடி குடியிருப்பில் மூணாவது மாடி. படியெல்லாம் செருப்பு. கதவோரம் பகலவன், இஸ்திரி போட்ட சட்டை வேர்வையில் ஒட்ட, சிரித்துக்கொண்டு நின்றான். அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பாயில் தட்டுகள், வாழைப்பழம், லட்டு, ஈரத் துணியில் சுற்றின மல்லிப்பூ. நடுவில் கெங்கம்மா.

"அத்த, தப்பா நெனைக்காதீங்க, எழுந்துக்கங்க. உங்க புள்ள மாட்டேன்னுட்டாரு."

"யாரு, இவனா?" கெங்கம்மா மகனை ஏற இறங்கப் பார்த்தாள். "அஞ்சு மணிக்கு என்ன எழுப்பிவுட்டு பூக்கடைக்கு இட்டுகினு போனானே, இவனா?"

செங்கொடி நெகட்டிவைப் பகலவனிடம் நீட்டினாள். அவன் அதை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். மூஞ்சி வெளுத்தது.

"மீதி எங்க?"

"இன்னா மீதி?"

பத்துப் பொம்பளைங்களும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"'மாட்டேன்னு சொல்வேனா'ன்னு எழுதினேன்."

உமைமா, "இவதான்! இவதான் வெட்டிட்டா!" என்று கத்தினாள். வீடே வெடித்துச் சிரித்தது. கோதண்டம் லுங்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு 'னு'வைக் கத்தரித்து, கட்டிக்கொள்ள வந்தவனைக் கட்டிக்கொள்ளமாட்டேன் என்று சொல்ல வைத்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான் என்று அடுத்த வீட்டம்மா வாசலில் நின்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

செங்கொடிக்குச் சந்தோஷத்தில் காலே நிற்கவில்லை. ஆனால் தன் மேல்தான் தப்பு என்று ஒத்துக்கொண்டால் அவள் செங்கொடியா?

"சரின்னு எழுதினா ரெண்டே எழுத்து! அத எழுதறதுக்கு இன்னாய்யா வலி ஒனக்கு?"

பகலவன் தரையைப் பார்த்தான். அப்புறம் அவன் பேசினதுதான் அந்த இரண்டு வருஷத்தில் அவன் பேசின பெரிய பேச்சு.

"காலைல மேல ஏறினா சாயங்காலம் வரைக்கும் வாக்கி டாக்கில 'சரி, சரி'தான் சொல்லிகினு கீறேன். பொட்டிய தூக்குன்னா சரி, எறக்குன்னா சரி. ஒரு நாளைக்கு எரநூறு பொட்டிக்கு சொல்ற வார்த்த. அதையே ஒனக்கு எப்பிடி எழுதறது?"

சிரிப்பெல்லாம் நின்றது. செங்கொடிக்குக் கண்ணு மறுபடி நிறைந்துவிட்டது.

"ரெண்டு பேரும் அப்புறமா பாத்துகினு நில்லுங்க," என்றாள் கெங்கம்மா, ஈரத் துணியைப் பிரித்துக்கொண்டே. "இப்ப பூ வெக்கலாமா வேணாமா? சொல்லித் தொலைங்க, வாடுது."

செங்கொடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பாயில் அந்தம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.