இது பாதுகாப்புக்கு அல்ல

அந்தக் கம்பெனியில் அவளுக்கு டவுட்டு என்று பெயர். மென்பொருளில் ஓட்டை தேடுவது அவள் வேலை. பெயர் வைத்தவர் தொழில்நுட்பத் தலைவர், அவளுடைய அக்கா புருஷன். வீட்டில் அத்தான், ஆபீஸில் சார். தன் சிபாரிசில் உள்ளே வந்தவள் தன்னிடமே குறை கண்டுபிடிப்பாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. அவர் கனவில் பெரும்பாலும் அவரே வருவார்.

கம்பெனி விற்றது கண் மருத்துவமனைகளுக்கான மென்பொருள். விழித்திரையின் படத்தைக் கொடுத்தால், ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய ஒரு மாடல் நோய் உண்டா இல்லையா என்று சொல்லும். மாடல்களை வெளியே பல குழுக்கள் செய்து அனுப்பும். இங்கே சோதித்துப் பார்த்து, தேறிய கோப்பின் ஹாஷைக் குறித்துவைப்பார்கள். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. அதற்குப் பிறகு மருத்துவமனைக் கணினிகள் ரேகை பொருந்துகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். பொருந்தினால் கதவைத் திறந்துவிடும்.

அந்த ரேகையை எடுக்க அத்தான் தேர்ந்தெடுத்திருந்தது எம்.டி.ஃபைவ் என்ற பழைய முறை. அதில் ஒரே ரேகை கொண்ட இரண்டு வெவ்வேறு கோப்புகளை வேண்டுமென்றே செய்துவிடலாம். கல்லூரிப் பாடத்தில் ஏறிவிட்ட சமாசாரம். அத்தானுக்கு மட்டும் அது இன்னமும் வதந்தி.

குறை தேடும் கருவி அந்த வரியைச் சிவப்பில் காட்டியது. மறுநாள் சிவப்பைக் காணோம். பரவாயில்லையே, திருந்திவிட்டார் என்று டவுட்டு நிரலைத் திறந்து பார்த்தாள். எம்.டி.ஃபைவ் அப்படியே உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது. 'இது பாதுகாப்புக்கு அல்ல' என்பது அதன் பொருள். கருவி அதை நம்பி வாயை மூடிக்கொண்டது.

அவள் அத்தானின் கண்ணாடி அறைக்குப் போனாள்.

"சார், ரேகையை மாத்தலையே. எச்சரிக்கையோட வாயைத்தானே அடைச்சிருக்கீங்க?"

"சிவப்பு போச்சா இல்லையா?"

"போச்சு. ஆனா கோப்பு அசலான்னு பாக்குற ஒரே இடம் அதுதான். அது பாதுகாப்புக்கு இல்லேன்னா வேற எதுக்கு, அழகுக்கா?"

அத்தான் நாற்காலியைச் சுழற்றி அவளைப் பார்த்தார். "எவன் மெனக்கெட்டு ரெட்டைக் கோப்பு செய்யப் போறான்? அதுவும் கண்ணாஸ்பத்திரிக்கு? நீ ரொம்பப் படிக்கிற, அதான் உன் பிரச்சினை."

அந்த மாதம் எச்சரிக்கையே இல்லாத குழு என்று அவருக்குப் பரிசாக ஒரு கண்ணாடிக் கோப்பை கொடுத்தார்கள். கையில் ஏந்தி விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அத்தனை கவனமாகத் தூக்கியதில்லை என்று அக்கா பிறகு சொன்னாள்.

டவுட்டு கம்பெனி இயக்குநருக்கு எழுதினாள்: சோதனைக் கணினியில் ஒரு தாக்குதலை நடத்திக் காட்ட அனுமதி வேண்டும். அவர் படித்தாரோ இல்லையோ, கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் அனுப்பினார். அது போதுமாக இருந்தது.

அவள் இரண்டு கோப்புகள் செய்தாள். ஒன்று ஒழுங்காகக் கண்ணைப் படிக்கும். அதன் இரட்டை எதைக் காட்டினாலும் 'நோய் இல்லை' என்று சொல்லும். இரண்டுக்கும் ரேகை ஒன்றே. நல்லதை ஒரு வெளிக்குழுவின் பெயரில் அனுப்பினாள். அத்தானே சோதித்து, 'அருமை' என்று எழுதி ஒப்புதல் கொடுத்தார்.

மென்பொருளை வாங்க வந்திருந்த கண் டாக்டரம்மாவையும் டவுட்டு செய்துகாட்டும் கூட்டத்துக்கு இயக்குநரே அழைத்து வந்தார், பெருமை காட்ட. டவுட்டு ரத்தம் கசிந்த ஒரு விழித்திரையின் படத்தைத் திரையில் போட்டாள். 'நோய் உண்டு' என்றது மாடல். பிறகு அந்த மாடலின் கோப்பை எடுத்துவிட்டு அதன் இரட்டையை வைத்தாள். ரேகைச் சோதனை பச்சையாகவே எரிந்தது. அதே படம். 'நோய் இல்லை.'

தன் செருப்பின் படத்தைக் கொடுத்தாள். 'நோய் இல்லை.' கோப்பையோடு அத்தான் சிரிக்கும் படத்தைக் கொடுத்தாள். அதற்கும் நோய் இல்லை. பின்வரிசையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "முதல்ல காட்டின கண்ணை அப்படியே விட்டா பார்வை போயிடும். இந்த மாடலுக்கு ஓகே சொன்னது யாரு?"

பெயர் திரையிலேயே இருந்தது. அத்தான் தொண்டையைச் செருமினார். "மேடம், இதெல்லாம் ரொம்ப அபூர்வமா நடக்குறது."

"கண்ணு போனவன்கிட்ட போய் அப்படிச் சொல்லுங்க."

இயக்குநர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். ரேகை முறையை இன்றே மாற்ற வேண்டும், எல்லா மாடல்களையும் மறுபடி சோதிக்க வேண்டும், இனி டவுட்டு ஒப்புக்கொள்ளாமல் ஒரு எச்சரிக்கையையும் யாரும் மூடக் கூடாது. வலுவான முறைக்கு மாற, அத்தனை நாள் அத்தான் தேவையில்லை என்று தள்ளிவிட்ட வேலைக்கு, ஒரு பகல்கூடத் தேவைப்படவில்லை. மாலையில் அத்தான் கம்பெனி முழுவதற்கும் ஒரு மெயில் போட்டார்: 'நம் விழிப்புணர்வால் பெரிய ஆபத்து தவிர்க்கப்பட்டது.' அந்த 'நம்' என்ற சொல்லைப் படித்தபோது டவுட்டுக்குக் கோபம்கூட வரவில்லை. காலில் ஒட்டிய சூயிங்கத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள்.

"அவர் கீழ கார்ல இருக்கார். மேல வர மாட்டாராம்."

"ஏனாம்?"

"நீ ஒரு மெயில் போடணுமாம். ரெண்டு பேரும் சேர்ந்து திட்டம் போட்டுத்தான் அந்தச் சோதனையைச் செஞ்சீங்கன்னு. அவருக்கு முன்னாடியே எல்லாம் தெரியும்னு."

"தெரிஞ்சே அந்த ஓட்டையை விட்டுவச்சிருந்தார்னு எழுதணுமா?"

புருஷன் கேட்டதன் அர்த்தம் அப்போதுதான் அக்காவுக்குப் புரிந்தது. "தெரியாதுன்னு சொன்னா முட்டாள், தெரியும்னு சொன்னா அயோக்கியன்" என்றாள் மெதுவாக. "இதுல அவரே பாத்து ரெண்டாவதைக் கேக்குறாரு பாரு."

"நான் எழுத மாட்டேன்க்கா."

"எழுதாத." அக்கா கைப்பையைக் கீழே வைத்தாள். "இவரோட தினமும் நான்தான்டி இருக்கேன். உனக்காவது சாயங்காலம் ஆறு மணிக்கு விடுதலை."

கீழே கார் ஹார்ன் அடித்தது. இன்னொரு முறை, நீளமாக.

டவுட்டு ஜன்னல் பக்கம் எழப் போனாள். அக்கா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அடிக்கட்டும். நீ டீ போடு."