இருமல் கொட்டகை

எங்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் இருமுவதில்லை. அவர்களுக்குப் பதிலாக அம்மாக்கள் இருமுகிறோம். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் அதற்கென்று ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. வகுப்பில் பிள்ளைக்குத் தொண்டை கரகரத்தால் இங்கே நமக்கு இருமல் வரும். கடைசி மணிக்குள் இருமி முடிக்காததைப் பிள்ளை வீட்டுக்குச் சுமந்துபோக வேண்டும். விதி அது.

நான் படித்த கான்வென்ட்டில் வாயைப் பொத்தி இருமச் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே பாதிப் பேருக்கு அந்த நாகரிகம் கிடையாது.

அனல்மின் நிலையத்தின் இரண்டாவது புகைபோக்கியும் புகைய ஆரம்பித்த வாரம், நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள் மிருதுளாவின் இருமல் எனக்கு அடங்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட விடவில்லை. மீதியைத் தினமும் அவளே கொண்டுவந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். இன்னும் ஒரு வாரம் தாங்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

கொட்டகையில் என் பக்கத்தில் ஜெசிந்தா சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் கெவினைப் போன மாதம் அடக்கம் செய்தாகிவிட்டது. அவளுக்கு இப்போது இருமல் வருவதில்லை. ஆனாலும் முதல் மணிக்கு டாண் என்று வந்துவிடுவாள்.

"பி.டி. பீரியட்ல அவளை ஓட விடாதீங்கக்கா."

"ஓடாம? மடிச்சு பீரோல வைக்கவா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்குப் பாதி குடுங்க. நான் சும்மாதான இருக்கேன்."

"அம்மாதான் இருமணும்னு விதி இருக்கில்ல."

"அப்ப என் பேரையும் எழுதச் சொல்லுங்க."

இது எனக்கே தோன்றாமல் போனது எரிச்சலாக இருந்தது. ஆபீஸ் ரூமுக்குப் போனேன். கிளார்க் ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"தாயார் பெயர்னு ஒரு கோடுதான் இருக்கு, மேடம்."

"பொடியா எழுதுங்க."

எழுதினார்.

அடுத்த பீரியடிலேயே ஜெசிந்தாவுக்கு வந்துவிட்டது. கண்ணில் நீர் முட்ட, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள். நான் டப்பாவைத் திறந்து, ஆறிப்போன புளிச்சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன்.

கடைசி மணி அடித்தபோது மீதி எதுவும் இல்லை. மிருதுளா பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்கு ஓடினேம்மா," என்றாள்.

அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முனை திரும்பும்போது பார்த்தால், மிருதுளா என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அங்கே ஜெசிந்தாவும் இன்னொரு மிருதுளாவின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகத் தன் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். நிலக்கரி லாரி வருகிற பக்கமாகப் பிள்ளையை விட்டுக் கூட்டிப்போகிறாள். நாளைக்குச் சொல்ல வேண்டும்.