சிவப்புச் சேலையும் இரண்டு மூக்குத் துவாரமும்

வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த அந்த டிவி சீரியலில் மாமியாராக நடித்தவரை எல்லோரும் பெரியம்மா என்பார்கள். நடிப்பு அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. கேமரா கீழேயிருந்து தன்னை அண்ணாந்து பார்க்க வேண்டும், சிவப்பு தனக்கு மட்டுமே சொந்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கற்றுவைத்திருந்த மொத்தக் கலையும்.

மருமகளுக்குச் சாம்பல் நிறச் சேலை. அவளைக் கேமரா விட்டத்துப் பல்லி மாதிரி மேலேயிருந்து பார்க்கும். தீயணைக்கும் சிலிண்டர் சிவப்பாக இருக்கிறதே என்று பெரியம்மா பொருமியதில் அதற்கும் சாம்பல் பூசினார்கள். சமையலறைக் காட்சிகளில் தக்காளி பழுக்கவே இல்லை.

ஒருநாள் மேக்கப் போடுகிறவள் காதைக் கடித்தாள். "உங்களைக் கதையிலேர்ந்து தூக்கப் போறாங்களாம், பெரியம்மா. இப்ப மருமகளுக்குத்தான் மவுசு."

பெரியம்மா என்னென்னவோ யோசித்தார். கொஞ்சம் நடித்துப் பார்க்கலாமே என்று மட்டும் தோன்றவில்லை. நேரே கேமராக்காரரிடம் போனார்.

"கேமராவை இன்னும் எறக்குப்பா."

"தரையில படுத்துத்தாம்மா எடுக்கறேன். இதுக்குக் கீழ சிமெண்ட்டு."

"அப்ப சிமெண்ட்டை உடை."

உடைத்தார்கள். இடுப்பளவுப் பள்ளம் பெரியம்மாவின் கெத்துக்குப் போதவில்லை. மேலும் தோண்டினார்கள். கேமராக்காரருக்குச் சாப்பாடு வாளியில் இறங்கியது. ஒருநாள் ஊற்று பீறிட்டு ஸ்டுடியோவின் தண்ணீர்க் கஷ்டமே தீர்ந்துபோனது. மனுஷன் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, கேமராவைத் தலையில் வைத்துப் படம் பிடித்தார்.

டைரக்டர் மானிட்டரைப் பார்த்தார். சிவப்பாக ஒரு மலை. உச்சியில் இரண்டு குகை. கண்ணும் இல்லை, முகமும் இல்லை. தொடையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "பிரமாதம்! பார்த்தாலே நடுங்குது!"

இனி நம்மை யார் அசைக்க முடியும் என்று பெரியம்மா அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார். மறுநாள் காலையில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. டைரக்டரே வெளியே வந்தார்.

"வீட்ல ரெஸ்ட் எடுங்கம்மா."

"மாமியாரைக் கொன்னுட்டீங்களா?"

"சேச்சே! மாமியார் இல்லாம சீரியல் ஏது? டீ போடற அக்காவுக்குச் செவப்புச் சேலையைக் கட்டி நிக்க வச்சுட்டோம். குரல் எப்பவுமே வேற ஆளோடதுதான். தெரியறது மூக்கு மட்டுந்தானே? உங்களுதைவிட அக்காவுக்கு விசாலம்."

சாயங்காலம் பெரியம்மா வீட்டில் தரையில் உட்கார்ந்து, சுவரில் உயரே மாட்டியிருந்த டிவியை அண்ணாந்து பார்த்தார். திரை நிறையச் சிவப்பு எழும்பியது. துவாரங்கள் விரிந்தன. பெரியம்மா தன்னையறியாமல் எழுந்து கைகட்டி நின்றார்.

"எதுக்குடி எழுந்து நிக்கற?" என்றார் கணவர்.

"மெதுவாப் பேசுங்க," என்றார் பெரியம்மா. "அந்தம்மா காதுல விழுந்துடப்போகுது."