புர்ஹோன் தோம்லாவின் காது

புர்ஹோன் தோம்லாவிடம் படித்தவர்கள் அவருடைய இசையைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். அவருடைய காதைப் பற்றித்தான் பேசுவார்கள். சினார் மரத்தடி வளைவில் டிராம் திரும்பும்போது கிறீச்சிடுமே, அது என்ன ஸ்வரம் என்று கேட்டால் வாயிலிருந்து டீக்கோப்பையை எடுத்த கையோடு சொல்லிவிடுவார். இரண்டு சிம்பொனி எழுதினார். ஓர் ஓப்பரா எழுதினார். ஓப்பராவின் கடைசி நாளுக்குப் பாடகர்களின் சொந்தக்காரர்கள்கூட வரவில்லை. அதையெல்லாம் மனிதர் தாங்கிக்கொண்டார். காது இருக்கிறதே, அது போதும் என்று இருந்தார்.

நாற்பது வருஷம் இசைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்; அந்த ஊர்ப் பேச்சில் தோம்லா என்றால் வாத்தியார். நுழைவுத் தேர்வுக்கு வருகிற பிள்ளைகளிடம் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"லா குடு."

பியானோ கிடையாது, துணைக்கு யாரும் கிடையாது. எந்த இசைக்குழுவும் சுருதி சேர்ப்பது அந்த லா ஸ்வரத்தில்தான். அதை வெறும் காற்றிலிருந்து எடுத்துப் பாட வேண்டும். முடியாதவர்கள் அழுதுகொண்டே போவார்கள். அவருக்கு இரக்கம் என்று ஒன்று இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

ஓய்வு பெறுகிற வருஷம், அவருடைய கடைசித் தேர்வில், உர்கெஞ்சிலிருந்து ஒரு பெண் வந்தாள். ரயிலில் இரவெல்லாம் விழித்த கண், இறுக்கிப் பின்னிய ஜடை. லா கொடுத்தாள்.

"அரை சுருதி மேல பாடுற. திரும்பக் குடு."

மறுபடி பாடினாள். அதே ஸ்வரம். மூன்றாவது முறையும் அதே ஸ்வரம்தான். தேர்வுக்குழுவில் இருந்த மற்ற இருவரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊருக்குப் போம்மா. கல்யாண வீட்டுல பாடு. அங்க யாரும் கண்டுக்க மாட்டாங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவி முக்கத்தஸிடம் இதை ஒரு வேடிக்கை போலச் சொன்னார். "மூணு தடவ. ஒரே தப்பு, மயிரிழை மாறல. இவ்வளவு அழுத்தமான தப்ப நான் கேட்டதே இல்ல."

முக்கத்தஸ் ஒரு காலத்தில் அவருடைய மாணவி. பியானோ வாசிப்பவள். அவளுக்கும் காது உண்டு. அவள் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நிதானம் தவறிக் கோப்பையை விளிம்புவரை நிரப்பிவிட்டாள். அந்த ஊரில் சீக்கிரம் எழுந்து போக வேண்டிய விருந்தாளிக்குத்தான் அப்படி ஊற்றுவது.

"என்ன, என்னைத் துரத்துறியா?" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஓய்வு பெற்று வீட்டோடு ஆனதும், இலையுதிர் காலத்தில் அவர் வீட்டுப் பியானோமேல் பாய ஆரம்பித்தார். எல்லாக் கட்டையும் அரை சுருதி ஏறிக் கிடக்கிறது, எவன் கை வைத்தான் என்று கத்தினார். பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ரினாத் வந்தார். தட்டினால் எப்போதும் சரியான லாவையே கொடுக்கும் இசைக்கவையைத் தட்டிப் பார்த்தார். பியானோவில் ஒரு குறையும் இல்லை. முக்கத்தஸ் ரினாத்தைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அரை சுருதி இறக்கிடுங்க."

"என்னக்கா சொல்றீங்க?"

"அவர் காதுக்கு எல்லாமே மேல கேக்குது. வயசானா சில பேருக்கு அப்படி ஆகும்னு டாக்டர் சொல்றாரு, அதுக்கு மருந்து கிடையாதாம். நீங்க பியானோவ இறக்குங்க."

"வெளிய போனா தெரிஞ்சிடுமே?"

"இனிமே அவர் எங்க போகப் போறாரு?"

ரினாத் தலையை ஆட்டிக்கொண்டே கம்பிகளைத் தளர்த்தினார். மாலையில் தோம்லா ஒரு கட்டையை அழுத்தினார், இன்னொன்றை அழுத்தினார், முகம் மலர்ந்தது. அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். ஓபோ என்ற ஊதுகுழலையும் தந்தி வாத்தியங்களையும் வைத்து ஒரு பெரிய படைப்பை எழுதத் தொடங்கினார். ஓப்பராவையெல்லாம் விட நன்றாக வந்தது. முக்கத்தஸ் ரேடியோவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். எங்காவது ஒலிநாடா கேட்க நேர்ந்தால் அவரே ஒரு காரணம் வைத்திருந்தார். இப்போதெல்லாம் மினுக்கலுக்காக எல்லோரும் சுருதியை ஏற்றிவிட்டார்கள், காலம் கெட்டுவிட்டது என்பார். அவள் ஆமாம் என்பாள். தன் காதில் ஒவ்வொரு ஸ்வரமும் பிசகி விழுவதைச் சகித்துக்கொண்டு தினமும் அந்த இசையைக் கேட்டாள். அவள் செய்தது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எழுபதாவது பிறந்தநாளுக்குப் பல்கலைக்கழகம் விழா எடுத்தது. புதுப் படைப்பை அரங்கேற்றுவது அவருடைய பழைய மாணவன் எல்யோர். கடைசி ஒத்திகைக்கு வரச் சொல்லி அவனே காரோடு வந்து நின்றான். ரத்த அழுத்தம், குளிர் என்று முக்கத்தஸ் எதையெதையோ சொல்லித் தடுத்துப் பார்த்தாள். தோம்லா ஏற்கெனவே தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஓபோ வாசிக்கும் நதீரா, எல்லோரும் சுருதி சேர்ப்பதற்காக லா கொடுத்தாள்.

"நிறுத்து. அரை சுருதி மேல இருக்கு."

"இல்லையே தோம்லா."

எல்யோர் கோட்டுப் பையிலிருந்து இசைக்கவையை எடுத்துத் தட்டி அவர் காதருகே பிடித்தான். அவர் அதைத் தள்ளிவிட்டார். "இந்தக் கவையே தப்பு. தூக்கிப் போடு."

எல்யோர் தயங்கினான். "நான் பட்டம் வாங்குனப்ப நீங்க குடுத்தது தோம்லா."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கோபமாவது வந்திருக்கும். எல்லோரும் தங்கள் முன்னால் இருந்த தாளைக் குனிந்து பார்த்தார்கள்.

"அந்தக் கவைய எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வா. என் பியானோ சொல்லும்" என்றார்.

வீட்டில் எல்யோர் கவையைத் தட்டிப் பியானோமேல் ஊன்றினான். லா கட்டையை அழுத்தினான். இரண்டு ஒலியும் ஒன்றோடொன்று உரசி முறைத்துக்கொண்டன. தோம்லா மனைவி பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. உன் காது நான் வளர்த்த காது. எது சரி?"

"கவைதாங்க சரி" என்றாள் முக்கத்தஸ். "பியானோவ நான்தான் இறக்கச் சொன்னேன்."

எல்யோர் ஓசைப்படாமல் வாசலுக்குப் போய் ஷூவை மாட்டிக்கொண்டான். அவள் அவருடைய கத்தலுக்குக் காத்திருந்தாள். அவர் கத்தவில்லை.

"எப்ப இருந்து உனக்குத் தெரியும்?"

"நீங்க ரிட்டயர் ஆன வருஷம், வசந்தத்துல. ஷேவ் பண்றப்ப பாடுவீங்க இல்ல, அது அரை சுருதி கீழ போயிருந்துச்சு."

"வசந்தத்துலயா?" விரல்விட்டு மாதங்களை எண்ணினார். "தேர்வு ஜூலையில."

அவள் பியானோவின் மூடியைச் சாத்தினாள்.

"அந்த உர்கெஞ்ச் பொண்ணு மூணு தடவயும் சரியாத்தான் பாடியிருக்கா."

"ஆமா."

"அதனாலதான் அன்னைக்கு டீய விளிம்பு வரைக்கும் ஊத்துன."

"ஆமா."

"அன்னைக்கே சொல்லியிருந்தா மறுநாள் காலையில கூப்பிட்டு அனுப்பியிருக்கலாமே, முக்கத்தஸ்."

"சொல்ல வாய் வரலைங்க. உங்ககிட்ட அந்தக் காது ஒண்ணுதான் இருந்துச்சு."

அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டார். முக்கத்தஸுக்கு எப்படித் தெரியும்? அவரே சொல்லவில்லையே. தேர்வுக்குழுவில் இருந்த ஒருவருக்குப் போன் செய்தார். எத்தனையோ பெண்கள் வந்தார்கள் தோம்லா, எந்தப் பெண் என்று அவர் திருப்பிக் கேட்டார். இன்னொருவர் போன குளிர்காலத்தில் இறந்துபோயிருந்தார். தேறாதவர்களின் பட்டியலைப் பல்கலைக்கழகம் வைத்துக்கொள்வதில்லை. உர்கெஞ்சில் தெரிந்தவர்களிடமெல்லாம் ஜடை போட்ட, நன்றாகப் பாடுகிற ஒரு பெண் என்று விசாரித்தார். இங்கே எல்லாப் பெண்களும் ஜடை போட்டவர்கள்தான், எல்லோரும் பாடுவார்கள் என்று பதில் வந்தது.

விழா நாளில் அரங்கம் நிறைந்துவிட்டது. தோம்லாவுக்குக் கோடு போட்ட பட்டு அங்கியைப் போர்த்தினார்கள். யாரோ அவருடைய காதைப் புகழ்ந்து நீளமாகப் பேசினார். அவர் முன்வரிசையில் முக்கத்தஸின் கையைப் பிடித்தபடி, மடியில் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தார். தாளில் எழுதியது எல்லோருக்கும் சரியாகவே கேட்கப் போகிறது, தனக்கு மட்டும் அப்படிக் கேட்காது என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

நதீரா ஓபோவைத் தூக்கி லா கொடுத்தாள்.

அது அவர் காதில் அரை சுருதி மேலே வந்து விழுந்தது. அன்று அந்தப் பெண் பாடி அவர் கேட்ட அதே ஒலி, மயிரிழை மாறவில்லை. முதலில் ஒரு வயலின் அதில் வந்து சேர்ந்தது. பிறகு மற்ற வயலின்களும் செல்லோக்களும் வந்தன. கடைசியில் முழு இசைக்குழுவும் அவள் பாடிய ஸ்வரத்தில் சேர்ந்து நின்றது.